கொழும்பில் நல்ல ஓப்பன் மைக் கண்டுபிடிக்கும் வழி

அடுத்த மாதம் வேலைக்காகக் கொழும்பு போகிறேன். அங்கே யாரும் மேடையேறிப் பாடவோ கவிதை வாசிக்கவோ கூடிய நல்ல ஓப்பன் மைக் எது என்று மெரினா அக்காவிடம் கேட்டேன். கொழும்பில் பல இடங்களில் பாடுபவர். லீவில் ஊருக்கு வந்தவர், இன்று மட்டக்களப்பில் எங்கள் ஓப்பன் மைக்கிலும் பாடினார்.

"இடத்தப் பாக்காத. பாடின ஆக்கள் மத்தவங்களயும் இருந்து கேக்கிறாங்களா எண்டு பாரு" என்றார்.

கடைசியாக வாசிக்க வேண்டியவள் நான். கவிதையை எடுத்ததும், கல்முனைப் பக்கம் போகும் கடைசி பஸ்ஸுக்காக எல்லாரும் எழும்பிவிட்டார்கள்.

அக்கா மட்டும் எழும்பவில்லை. அவரும் அதே பஸ்ஸில் குருக்கள்மடம் போக வேண்டியவர்.

"அக்கா, பஸ் போகப்போகுது."

"ஓம், போகட்டும். நீ வாசி."

வாசித்தேன். வெற்றுக் கதிரைகளுக்கு நடுவே, கண்ணை எடுக்காமல் கேட்டார்.

கொழும்பில் இனி நான் இடம் தேடப்போவதில்லை. அக்கா எங்கே கேட்க வருவார் என்று தெரிந்தவர்கள் மட்டும் கீழே சொல்லுங்கள்.