நீல விளக்கும் சிவப்பு மீனும்

என் வீட்டுக்காரர் காஞ்சிபுரத்துப் பட்டுக் கடை ஒன்றில் சேலை எடுத்துப் போடுகிறவர். வீட்டுக்கு வந்தால் தினமும் ஒரே புலம்பல்: "ஒரு சேலை வாங்க கடையையே பிரிச்சுப் போடச் சொல்றாங்கம்மா!"

இன்று அவரோடு எலக்ட்ரிக் கடைக்குப் போனேன். புதிதாக வாங்கிய மீன் தொட்டியில், தண்ணீருக்குள்ளேயே விளக்கு எரிய வேண்டுமாம்.

"வீட்டுக் கரண்டு வேணாண்ணே, உயிருக்கே ஆபத்து," என்றார் கடைக்காரர். "பேட்டரியில எரியற குட்டி பல்பு தர்றேன். மூடி இறுக்கமான கண்ணாடி பாட்டில்ல வச்சு எறக்குங்க. என்னா கலர் வேணும்?"

அங்கேதான் ஆரம்பித்தது.

பச்சையை எரியவிட்டால், பாசி மாதிரி இருக்கிறதாம். மஞ்சள் மங்கலாம். சிவப்பைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க என் வீட்டுக்காரர் வாசலுக்கே கொண்டுபோய்விட்டார்.

"வெயில்ல பல்பு எப்பிடிண்ணே தெரியும்? அண்ணி, நீங்களாவது சொல்லுங்க!"

"நான் கல்யாணச் சேலைக்கே இவ்ளோ நேரம் எடுத்துக்கலப்பா," என்றேன். அவர் காதில் விழவில்லை.

கடைசியில் நீலம் வாங்கினோம்.

வீட்டுக்கு வந்ததும் டிரான்சிஸ்டரிலிருந்த பேட்டரியைக் கழற்றி மாட்டினார். பாட்டில் மிதக்காமலிருக்கக் கூழாங்கல் போட்டு இறக்கினோம். சன்னலைச் சாத்தியதும் தொட்டி கடலாகவே மாறிவிட்டது.

ஆனால் அவர் ஆசையாக வாங்கிய செக்கச்செவேலென்ற மீன் மட்டும் அந்த நீல வெளிச்சத்தில் கன்னங்கரேலென்று நீந்தியது.

கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பல்பு நல்லாத்தாம்மா இருக்குது. மீனை மாத்திடலாமா?"

மீனுக்காக நான் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் யார் பக்கம்?