வேண்டுமென்றே விட்ட ஒற்று

அப்போது கடலோர நகரம் ஒன்றில், சாரம் என்ற பகுதியில், ஒரு மாடி வீட்டில் தனியாக இருந்தேன். பலர் சேர்ந்து மென்பொருள் எழுதும் இணையதளம் ஒன்றில் வேலை. அலுவலகம் கிடையாது, உடன் வேலை செய்தவர்கள் எல்லாம் வேறு ஊர்களில். தளத்தில் இருக்கும் ஒவ்வொரு திட்டத்துக்கும் விக்கி சேர்க்கும் பொறுப்பு எனக்கு வந்தது. பக்கங்களை யார் வேண்டுமானாலும் திருத்தலாம்; பழையது அழியாது. யார், எப்போது, எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்ற குறிப்போடு அந்தப் பக்கத்தின் வரலாற்றில் நிற்கும்.

வேலை முடிய நான்கு மாதம் ஆயிற்று. கீழ்வீட்டு அக்கா ஊர் ஓரத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் தன் கம்பெனிக்குக் கிளம்பும்போது, “மோட்டார் போட்டுருக்கேன், டேங்க் ரொம்புனா நிறுத்திடு தம்பி” என்பார். “சரிக்கா” என்பேன். பல நாள் நான் வாய் திறந்து பேசியது அவ்வளவுதான்.

விக்கி வெளியானதும் அதற்கான உதவிப் பக்கத்தைத் தமிழிலும் எழுதினேன். யாரும் கேட்கவில்லை. மறுநாள் அதன் வரலாற்றில் புதிதாக ஒரு வரி. முகம் தெரியாத ஒரு பெண், ‘பக்கத்தை திருத்த’ என்ற இடத்தில் ஒரு ‘த்’ சேர்த்திருந்தார். “ஒத்து விட்டுப்போச்சு” என்று குறிப்பு. அந்த ஓர் எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எழுதியதை ஒருவர் வரிவரியாகப் படித்திருக்கிறார்!

அடுத்த பக்கத்தில் இரண்டு ஒற்றுகளை வேண்டுமென்றே விட்டேன். வந்தார், திருத்தினார். இப்படியே ஆறேழு பக்கம் போயிற்று. பிறகு ஒரு நாள் குறிப்பு இப்படி இருந்தது:

“அதே வார்த்தைய மேல சரியா எழுதிருக்கீங்க, கீழ தப்பா இருக்கு. வேணும்னே வுடுறீங்களா?”

வெட்கத்தில் காது சுட்டது. கணினியை மூடிவிட்டுக் கடற்கரைவரை நடந்துபோய்த் திரும்பினேன். அவர் கவனிக்காமல் விட்டிருந்த ஓர் ஒற்றை நானே சேர்த்து, குறிப்பில் எழுதினேன்: “ஆமாங்க. வீட்டுலேந்து தனியா வேல பாக்குறேன். யாராச்சும் படிக்கிறாங்களான்னு தெரிஞ்சுக்கத்தான்.”

மூன்றாம் நாள் பதில் வந்தது. “கடலூர்ல நானும் வூட்டுலேந்துதான் வேல பாக்குறேன். தப்பு இல்லாமயே எழுதுங்க. அப்பவும் படிப்பேன்.”

அதன்பின் பிழையில்லாமல் எழுதினேன். திருத்த ஒன்றுமில்லாததால் அவர் பெயரும் வரவில்லை. மாற்றுகிறவர்களை மட்டுமே அந்த வரலாறு குறித்துக்கொள்ளும்; படித்துவிட்டுப் போகிறவர்களைக் குறிக்காது. அப்படித்தான் நான் அதை எழுதியிருந்தேன். இன்னும் ஒன்றரை வருடம் அங்கே வேலை பார்த்தேன். அவர் படிக்கிறார் என்று வைத்துக்கொண்டே ஒவ்வொரு பக்கத்தையும் முடித்தேன்.