வாத்து திறக்காத வாரம்

புதுக் கணினி எனக்குப் பிடிக்கவில்லை என்று யூனிட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். அது தவறு. அதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வந்தது, அவ்வளவுதான். எரிச்சலூட்டுகிற எதையும் குடைந்து பார்க்காமல் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

ஊத்துக்குளி ரோட்டில் ஒரு சந்துக்குள் இருக்கும் எம்ப்ராய்டரி யூனிட்டில் நான் பஞ்சிங் செய்கிறேன். பனியனின் நெஞ்சுப் பக்கத்தில் ஒரு வாத்தோ கப்பலோ வேண்டுமென்றால், அந்தப் படத்தைக் கணினியில் வரைந்து, ஊசி எங்கே தொடங்க வேண்டும், எந்தப் பக்கம் சாய்ந்து போக வேண்டும், எங்கே நெருக்கமாகத் தைக்க வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் பஞ்சிங். அதற்கு முன்னால் வேறொரு கம்பெனியில் செக்கிங் மேஜையில் நின்று, ஓட்டையும் எண்ணெய்க் கறையும் தேடிக்கொண்டிருந்தேன். நின்று நின்று கால் வீங்கியது. உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று கிடைத்தால் போதும் என்று இதைக் கற்றுக்கொண்டேன். கற்ற பிறகு இதன் மேல் பைத்தியமாகிவிட்டேன்.

கற்றதெல்லாம் ஒரே ஒரு மென்பொருளில். நான் சேரும்போதே அது பழையதுதான். அதைச் செய்தவர்கள் அதை மறந்து எத்தனையோ காலம் ஆகியிருக்கும். மற்ற யூனிட்டுகளில் புதுப்புது மென்பொருள்கள் வந்துவிட்டன. வேலை கேட்டுப் போனால், "அதெல்லாம் இப்ப யாருங்க வெச்சிருக்கறாங்க?" என்றுதான் கேட்பார்கள். ஆகவே அந்த மென்பொருள் ஓடுகிற வரைக்கும்தான் என் நாற்காலி. அது நின்றால் நான் மறுபடியும் செக்கிங் மேஜையில் நிற்க வேண்டியதுதான். இது எனக்கும் தெரியும், ஓனருக்கும் தெரியும்.

ஓனர் வெள்ளகோவில் பக்கத்துக்காரர். அங்கே தோட்டம், மாடு எல்லாம் இருக்கிறது. எம்ப்ராய்டரி மெஷின்களையும் மாடுகளைப் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பார். காலையில் வந்ததும் ஒவ்வொன்றையும் தட்டிக் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவார். கணினியிடம் மட்டும் அவருக்குப் பயம். அதைத் தொட மாட்டார். எட்ட நின்று, "ஏனம்முணி, நல்லாருக்குதுங்களா அது?" என்று நலம் விசாரிப்பார்.

ஆயுத பூஜைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, கரண்ட் போய் வந்த ஒரு மதியத்தில் பழைய கணினி செத்தது. கருகிய வாடை வந்தது, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. சர்வீஸ்காரர் வந்து அதன் வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே இருந்த டிசைன்களை மட்டும் காப்பாற்றிக் கொடுத்தார். மென்பொருளின் சாவியைக் கழற்றி ஓனரின் கையில் வைத்தார். பென் டிரைவ் போலக் கறுப்பாக இருக்கும் சின்னச் சாமான் அது. அதைக் கணினியில் செருகினால்தான் மென்பொருள் திறக்கும், இல்லையென்றால் இல்லை. இத்தனை வருடம் கணினியின் முதுகுப்புறம், சுவரோரமாகச் செருகிக் கிடந்ததால் நானே அதைச் சரியாகப் பார்த்ததில்லை.

"இது போச்சுன்னா எல்லாமே போச்சுங்கண்ணா, பத்திரம்" என்று சொல்லிவிட்டு, பூஜை லீவுக்கு நான் தூத்துக்குடிப் பக்கம் என் ஊருக்குப் பஸ் ஏறினேன். விஜயதசமி அன்று நல்ல நேரம் பார்த்துப் புதுக் கணினி வருவதாக ஏற்பாடு.

திரும்பி வந்தபோது என் மேஜையில் பளபளவென்று அது உட்கார்ந்திருந்தது. விசைப்பலகையிலும் மவுஸிலும் பூஜைக்கு வைத்த பொட்டுகளையெல்லாம் சர்வீஸ்காரர் துடைத்து, எல்லாவற்றையும் மாட்டி வைத்திருந்தார். சாவியும் முன்பக்கம் செருகியிருந்தது. நான் மென்பொருளின் சிடியை எடுத்தேன். போடுவதற்குக் கணினியில் இடமே இல்லை. சுற்றிச் சுற்றித் தேடினேன். இப்போதெல்லாம் அது வருவதில்லையாம்.

சர்வீஸ்காரர் தனியாக ஒரு சிடி டிரைவ் கொண்டு வந்து கொடுத்தார். சிடி சுற்றியது. இந்த மென்பொருள் இந்தக் கணினிக்குப் பொருந்தாது என்று திரையில் வந்தது. எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. நேற்று வந்த கணினி, இத்தனை வருடம் உழைத்த ஒன்றைப் பார்த்துப் பொருந்தாது என்கிறதே!

அதோடு விட்டுவிட முடியுமா? வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஒரு ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைகளுக்கான மஞ்சள் உடுப்பு, நெஞ்சில் ஒரு வாத்து. அந்த வாத்தை நான்தான் போன முறை பஞ்சிங் செய்தேன். இந்த முறை, பிறந்த குழந்தைக்கும் அதே வாத்து வேண்டும், ஆனால் சின்னதாக வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். மெஷினில் ஓடுகிற ஃபைல் பென் டிரைவில் பத்திரமாக இருந்தது. அதை அப்படியே சுருக்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்: தையல் அத்தனையும் ஒரே இடத்தில் நெருங்கி, பனியன் துணியைக் குத்திக் குத்திக் கொசுவலை ஆக்கிவிடும். நான் வரைந்த மூல வாத்தைத் திறந்து சுருக்கினால்தான், மென்பொருள் தையல்களைக் குறைத்து ஒழுங்குபடுத்தும். அந்த வாத்து பழைய மென்பொருளில் மட்டும்தான் திறக்கும்.

சர்வீஸ்காரரும் நானும் வேலையில் இறங்கினோம். முதலில் அவர் ஒரு வித்தை காட்டினார். மென்பொருளின் மேல் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி, வருகிற பட்டியலில் ஓர் இடத்தில் டிக் செய்தால், புதுக் கணினி தன்னைப் பழைய கணினி என்று சொல்லிக்கொள்ளும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொண்ணு பார்க்க வந்த இடத்தில் வயதைக் குறைத்துச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், வயதைக் கூட்டிச் சொல்கிற ஆளை அன்றுதான் பார்த்தேன். மென்பொருள் அதை நம்பி உள்ளே வந்து உட்கார்ந்தும் விட்டது. திறந்தால், சாவியைக் காணோம் என்றது.

"சாவிய சிஸ்டத்துக்குப் புரிய வெக்கறதுக்குன்னு டிரைவர்னு ஒரு புரோகிராம் இருக்குதுங்க. அது பழசு. இந்த சிஸ்டம் அதைய உள்ளயே உடாதுங்க" என்றார் சர்வீஸ்காரர்.

அடுத்து அவர் செய்ததை என்னால் மறக்க முடியாது. புதுக் கணினிக்குள்ளேயே இன்னொரு கணினியை உண்டாக்கினார். ஒரு ஜன்னல் திறந்தது. அதற்குள் பழைய சிஸ்டம் முதலிலிருந்து கண் விழித்தது. அதே நீலப் பட்டை, அதே பச்சைப் பொத்தான், அதே வரவேற்புச் சத்தம். நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்தேன். உள்ளே இருக்கிற கணினிக்குத் தான் உள்ளே இருப்பது தெரியுமா என்று கேட்டேன். தெரியாதுங்க என்றார். வெளியே இருப்பதாக நினைத்துக்கொண்டு அது தன் வேலையைப் பார்க்குமாம். பழைய டிரைவரைக் கொடுத்தோம், பேசாமல் வாங்கிக்கொண்டது. மென்பொருளைப் போட்டோம், ஒரு கேள்வி கேட்காமல் ஏறியது. எனக்குக் கைதட்டத் தோன்றியது.

திறந்தோம். சாவியைக் காணோம்.

அவர் என்னென்னவோ மாற்றிப் பார்த்தார். சாவியை உருவி வேறு துவாரத்தில் செருகினார். துவாரத்தின் ஓரத்தில் மஞ்சளாகத் தூசி இருந்தது, நான் ஊதிவிட்டேன். மஞ்சள் துணி ஓடினால் மஞ்சள் பஞ்சு, நீலம் ஓடினால் நீலப் பஞ்சு. எங்கள் யூனிட்டில் மூக்கைச் சிந்தினாலும் அன்றைய ஆர்டரின் நிறம் தெரியும். கடைசியில் சர்வீஸ்காரர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாவியே செத்துப் போச்சாட்டம் இருக்குதுங்க" என்றார்.

ஓனர் எட்ட நின்று கேட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "திங்கக்கெழம சாம்பிள் அனுப்போணுமுங்க அம்முணி. ஓடலீன்னா வாத்த வெளிய குடுத்துக்கலாமுங்க. வேற என்னங்க பண்றது?"

இந்த ஊரில் வெளியே கொடுப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? நூல் வாங்குவது ஓரிடம், நிட்டிங் மெஷினில் துணி ஓட்டுவது ஓரிடம், சாயம் ஓரிடம், பிரிண்டிங் ஓரிடம். எல்லாமே ஜாப் ஒர்க், வெளியாள் கூலிக்குச் செய்து கொடுப்பது. ஒருமுறை வெளியே போன வேலை வீடு திரும்பி நான் பார்த்ததில்லை. முதலில் ஒரு வாத்து போகும், பின்னாலேயே என் நாற்காலியும் போகும். எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். இத்தனை வருடம் அம்முணி அம்முணி என்றவர், எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! அன்று முழுக்க அவரோடு நான் பேசவில்லை. அவர் வாங்கி வைத்த போண்டாவையும் தொடவில்லை. பசித்தது, ஆனாலும் தொடவில்லை.

சனிக்கிழமை மாலை டீக்கு மெஷின்களை நிறுத்தினார்கள். எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். நான் மட்டும் சாவியை உருவுவதும் செருகுவதுமாக உட்கார்ந்திருந்தேன். மெஷின்கள் ஓடும்போது எங்கள் யூனிட்டில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. இப்போது நிசப்தம். சும்மா இருக்க முடியாமல் என் பென் டிரைவைச் செருகினேன். கணினி டிங் என்றது. உருவினேன், டுங் என்றது. சாவியைச் செருகினேன். ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் பென் டிரைவ்: டிங். மறுபடியும் சாவி: கப்சிப்.

அடடா என்று நிமிர்ந்தேன். சாவி பழசாகி அடையாளம் புரியவில்லை என்றால்கூட, யாரோ வந்திருக்கிறார்கள், யாரென்று தெரியவில்லை என்றாவது கணினி சொல்ல வேண்டும். இது யாருமே வரவில்லை என்கிறது. அப்படியானால் பழைய சிஸ்டம், புது சிஸ்டம், டிரைவர் என்று நாங்கள் மாய்ந்து மாய்ந்து செய்ததெல்லாம் இருக்கட்டும், தகராறு அதற்கும் முன்னால், வாசற்படியிலேயே இருக்கிறது.

சாவியைக் கண்ணருகே கொண்டுபோய் அதன் வாய்க்குள் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியும் முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. சந்தனம்.

வெளியே துடைத்திருந்தார்கள். உள்ளே, உலோக வாயின் அடி வரைக்கும், மஞ்சள் கலந்த சந்தனம் காய்ந்து சுண்ணாம்பாகப் பிடித்திருந்தது. மெஷினில் அடிநூல் இருக்கும் பாபின் கேஸைச் சுத்தம் செய்கிற சின்ன பிரஷ்ஷை எடுத்தேன். எண்ணெய்க் கறை எடுக்கிற திரவத்தில் துளி நனைத்தேன். செக்கிங் மேஜையில் நின்ற காலத்தில் அந்தத் திரவத்தோடுதான் என் பிழைப்பு; எவ்வளவு தொட வேண்டும் என்று கைக்குத் தெரியும். சுரண்டச் சுரண்ட மஞ்சளாக வந்தது. நன்றாகக் காயவிட்டு, ஃபேனுக்கு நேரே பிடித்து, மனசுக்குள் திட்டிக்கொண்டே செருகினேன்.

டிங்.

சாவியின் நுனியில் சிவப்பாக ஒரு விளக்கு எரிந்தது. அதற்குள் ஒரு விளக்கு இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். ஜன்னலுக்குள் இருந்த பழைய சிஸ்டம் சாவியைக் கண்டுகொண்டது, மென்பொருள் திறந்தது, வாத்தும் வந்து நின்றது. அதே மொண்ணை மூக்கு. எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்க என்ன இருக்கிறது. சுருக்கினேன். தையல்கள் மளமளவென்று தங்களைக் குறைத்துக்கொண்டு ஒழுங்காக நின்றன.

சந்தோஷம் தீர்ந்ததும் கோபம் வந்தது. கோபம் வந்தால் இங்கே பழகிய பேச்செல்லாம் கழன்று, என் ஊர்ப் பேச்சு வந்துவிடும். சாவியை உருவிக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். ஓனர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"யாரு இதுக்குப் போயி சந்தனம் வச்சது? கொஞ்சமாச்சும் யோசன வேண்டாமா? இதுக்கு வாயி கெடந்தா அதுக்குள்ளயும் திணிக்கணுமா?"

டீ கிளாஸ் பாதியில் நின்றது. "நாந்தானுங்க வெச்சேன்" என்றார்.

"நீங்களா?"

"பூஜைக்கு எல்லாச் சாமானையும் எலையில வெச்சமுங்க. மத்ததுக்கெல்லாம் ஒரு பொட்டுத்தானுங்க வெச்சேன். இது போச்சுன்னா எல்லாமே போச்சுன்னு நீங்க சொல்லீட்டுப் போனீங்களா... புது மிஷின்ல இது ஓடோணும், அம்முணி நம்மள உட்டுப் போற மாதர ஆயறக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டு, இதுக்கு மட்டும் நல்லா அப்பி உட்டனுங்க. வெளிய வெச்சா உதுந்து போயிருமுன்னு உள்ள வெச்சேன்." பிறகு மெதுவாகக் கேட்டார்: "அதனாலதான் ஓடலீங்களா?"

எத்தனை வசவு வாய் வரைக்கும் வந்திருந்தது! அத்தனையும் அங்கேயே நின்றுவிட்டது. ஓடுதுங்கண்ணா, வாத்து வந்திருச்சு என்று மட்டும் சொன்னேன். அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு உள்ளே வந்தார். நான் சாவியை மறுபடியும் செருகினேன். முதல் முறையாகக் கணினியின் பக்கத்தில் வந்து நின்று, திரையில் இருந்த வாத்தைப் பார்த்தார். தட்டிக் கொடுக்கப் போன கையைப் பாதியில் இழுத்துக்கொண்டார். திங்கட்கிழமை சாம்பிள் போயிற்று. வாத்து வெளியே போகவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு நான் ஊருக்குப் போகவில்லை. வேறு யாரை நம்புவது? சாவியை என் கைப்பையில் போட்டு இறுக்கி வைத்துக்கொண்டேன். ஓனர் சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொரு மெஷினாக வந்து, என் மேஜை முன்னால் நின்றுவிட்டார். விரலில் சந்தனம் இருந்தது, எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"இங்க எதுக்குங்க வெக்கறது அம்முணி? நீங்களே சொல்லுங்க."

நான் எழுந்து நாற்காலியைத் திருப்பி, அதன் முதுகைக் காட்டினேன். அவர் நன்றாகக் குழைத்து, கை நிறைய அப்பினார். காய்வதற்குள் மறந்துபோய் அதில் சாய்ந்துவிட்டேன். புதுச் சுடிதார். அந்த மஞ்சள் கறை இன்னும் போகவில்லை. கறை எடுக்கிற திரவம் கையெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது, நான்தான் எடுக்கவில்லை.