சாயக்காரரின் நூலும் என் முகூர்த்தப் பட்டும்

எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒருவர் பேசுவார். ஏழு வருடம் கடைசி வரிசையில் உட்கார்ந்து கைதட்டிய எனக்குப் போன சித்திரையில் முறை வந்தது. செஞ்சிக் கடைத்தெருவில் ரவிக்கை தைக்கிறவள் மின்சாரத்தைப் பற்றிப் பேசப் போகிறாள் என்றதும் வட்டத்தை நடத்தும் பெரியவர் இழுத்தார். வெள்ளிக்கிழமைக்குள் சோதனையைச் செய்து காட்டு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றுவிட்டார். சமையலைப் பற்றிப் பேசுகிறேன் என்றிருந்தால் சோதனை கேட்டிருப்பாரா? எனக்குச் சுருக்கென்றது.

நான் பேச நினைத்தது ஒரு சாயக்காரரைப் பற்றி. ஏறக்குறைய முந்நூறு வருடத்துக்கு முன் இங்கிலாந்தில் துணிக்குச் சாயம் போட்டுப் பிழைத்தவர். கண்ணாடிக் குழாயைத் தேய்த்தால் வரும் மின்சாரம் சாதாரண நூல் வழியாகவே வெகுதூரம் போகும் என்று கண்டுபிடித்தார். பல்பு செய்தவரை எல்லோருக்கும் தெரியும், இவரை யாருக்கும் தெரியாது. துணித்தொழில்காரர் என்றால் அவ்வளவு இளக்காரமா என்று எனக்கு ஆத்திரம்.

வயர்மேனான என் கொழுந்தனார் கேட்டதும் சிரித்தார்.

"நூல்ல கரண்டு போவுமா அண்ணி? அப்ப நான் இன்னாத்துக்குச் செம்புக் கம்பி இழுத்துனு கெடக்கறேன்?"

வியாழக்கிழமை காலை அவரையே கடைக்கு வரச்சொன்னேன். சாயக்காரர் செய்தபடியே, ஜன்னல் கம்பிகளிலிருந்து பட்டு நாடாக்களைத் தொங்கவிட்டு, அவற்றில் கோத்து நீளமாகச் சணல் நூலை ஓட்டினேன். நூலின் கடைசியில் ஒரு எவர்சில்வர் கரண்டி. அதன் கீழே இலவம்பஞ்சுத் துணுக்குகள். பிளாஸ்டிக் பைப்பைக் கம்பளியில் தேய்த்துத் தேய்த்து நூலின் இந்த முனையில் இழுத்தேன். தோள்பட்டை விட்டுப்போனதே தவிர பஞ்சு அசையவில்லை. கொழுந்தனார் நூலை விட்டுவிட்டுச் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

சாயக்காரரைப் பற்றி நான் படித்த புத்தகத்தை மறுபடி புரட்டினேன். சாயக்காரருக்கும் ஒருநாள் இப்படி ஆகியிருக்கிறது. நூலைத் தாங்கிய, மின்சாரத்தைக் கடத்தாத பட்டு அறுந்துபோக, பதிலுக்குப் பித்தளைக் கம்பி கட்டியிருக்கிறார். மின்சாரம் கம்பி வழியாக நழுவிப்போய்விட்டது. நான்தான் பட்டு கட்டியிருக்கிறேனே என்று அண்ணாந்து பார்த்தேன். நாடாக்கள் வெயிலில் பளபளத்தன.

கெட்டியாக இருக்கட்டுமென்று என் முகூர்த்தப் பட்டின் முந்தானையிலிருந்து கிழித்தவை அவை. ஆரணிப் பட்டு, அசல் ஜரிகை, உள்ளே முழுக்க வெள்ளிக் கம்பி; மின்சாரம் அதன் வழியே ஜன்னலுக்கு நழுவியிருக்கிறது. ஜரிகை இல்லாவிட்டால் நமக்கு அது பட்டாகவே தெரியாது. நாளெல்லாம் துணியைக் கையில் வைத்திருக்கும் எனக்கே உறைக்கவில்லை.

எல்லாவற்றையும் அவிழ்த்தேன். புடவையின் உடலிலிருந்து ஜரிகை இல்லாத நாடாக்களைக் கிழித்துக் கட்டினேன். பைப்பைத் தேய்த்து நூலில் இழுத்ததுதான் தாமதம், அந்தக் கோடியில் பஞ்சு துள்ளிக் கரண்டியில் ஒட்டிக்கொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. கொழுந்தனார் நூல் நெடுக விரலால் தடவி உள்ளே கம்பி இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு பைப்பை வாங்கித் தானே தேய்த்தார். அவருக்கும் துள்ளியது.

"நாளைக்கு நானே வந்து கட்டித் தரேன் அண்ணி. நீங்க பேசுங்க."

வெள்ளிக்கிழமை பெரியவர் மூன்று தடவை பஞ்சைத் துள்ளவைத்துப் பார்த்தார். பிறகு அறிவிப்புப் பலகை முன் சாக்பீஸோடு நின்று, என் பெயருக்குக் கீழே சமூக ஆர்வலர் என்று எழுதட்டுமா, கௌரவமாக இருக்கும் என்றார்.

"தையல்காரின்னே எழுதுங்க சார்," என்றேன். "கண்டுபுடிச்சவரே சாயக்காரர்தான்."