கோயிலைக் கட்டிப்பிடிக்க ஆள் தேவை

எங்கள் வெதர்ஸ்டோக் தேவாலயத்தின் கோயில்பிள்ளை ஈனோக் பர்ஸ்லோவுக்கு உயரம் நாலே முக்கால் அடி. கைகள் மட்டும் ஆறடி ஆளுக்கு உரியவை. மணியடித்து அடித்து நீண்டுவிட்டன என்பான். கயிற்றோடு மேலே போய், கோபுரத்துக் காகத்திடம் குசலம் விசாரித்துவிட்டு அவன் இறங்கியதை நானே பார்த்திருக்கிறேன். சந்தேகமிருந்தால் காகத்தைக் கேளுங்கள்.

தேவாலயத்துக்கு எண்ணூறு வயது. அதைச் சுற்றி நிற்கும் ஒன்பது கற்களுக்கு அதைப்போல் ஐந்து மடங்கு. ஏசுவின் பெயர் இந்தப் பக்கம் எட்டிப்பார்க்கும் முன்பே அங்கே ஆடு வெட்டி எதையோ கும்பிட்டிருக்கிறார்கள். வருஷத்தில் ஒரு ஞாயிறு, ஊரே கைகோர்த்துச் சுற்றி நின்று தேவாலயத்தைத் தழுவும். வளையம் மூடாவிட்டால் கற்கள் எழுந்து ஆற்றுக்குத் தண்ணீர் குடிக்கப் போய்விடுமாம். முப்பத்தோரு வருஷம் தவறாமல் மூடிக்காட்டியவன் ஈனோக். அந்த மும்முரத்தில் கல்யாணம் செய்துகொள்ளக்கூட மறந்துவிட்டான்.

இப்போது ஊரில் ஆள் குறைந்துவிட்டது. புதிதாக வந்த பாதிரியம்மா இமோஜன் கறாராகச் சொன்னார்.

"இந்த வருஷம் வளையம் சேரலேன்னா இதோட நிறுத்திக்குவோம், ஈனோக். போன தடவையே பல்லுப்போன சீப்பு மாதிரி நின்னு, கையை இழுத்துப் பிடிச்சுத்தான் மூடினீங்களாமே."

ஈனோக்குக்குச் சோறு இறங்கவில்லை. அக்கம்பக்கத்து ஊர்களிலெல்லாம் நோட்டீஸ் ஒட்டினான்: 'ஞாயிறு பதினொரு மணிக்கு தேவாலய கிளிப்பிங். அனைவரும் வருக.'

தழுவுவதற்கு எங்கள் பழஞ்சொல் கிளிப்பிங். எங்கள் ஊர் எல்லையைத் தாண்டினால் அதற்குக் கத்தரிப்பது என்றுதான் பொருள். அது அவன் புத்தியில் உறைக்கவேயில்லை.

ஞாயிறன்று வந்தார்கள்! வேலி வெட்டும் கத்தரியோடு ஒரு படை. சடைநாய்களை இடுக்கிக்கொண்டு சில பெண்கள். ரோமம் மண்டிய கிடாவோடு நெட் கிரிட்டன்.

"வேலி எங்கய்யா?"

"வேலியெல்லாம் இல்ல. கத்தரியைக் கீழ போடுங்க. கட்டிப்பிடிக்கணும்."

"யாரை?"

"கோயிலை."

"நல்லவேளை," என்றாள் நாய்க்காரி மார்ஜரி. "உன்னையோன்னு பயந்துட்டேன்."

சிரித்துக்கொண்டே கைகோர்த்தார்கள். வளையம் வளர்ந்து வளர்ந்து, ஈனோக்குக்கும் நெட்டுக்கும் நடுவே வந்து நின்றுவிட்டது. ஒரு ஆள் இடம் பாக்கி. ஈனோக் எட்டினான்; தோள்பட்டை மளுக்கென்றது. எட்டவில்லை. பாதிரியம்மா வருத்தத்தோடு தலையசைத்தார்.

ஈனோக் கிடாவை நடுவே இழுத்து ஒரு கொம்பைப் பிடித்தான். மறு கொம்பை நெட் பிடித்தான்.

"ஆடு கணக்குல சேராது, ஈனோக்!"

"ஏம்மா சேராது? அந்தக் காலத்துல இதே இடத்துல அதை வெட்டினாங்க. இப்ப கைகோத்து நிக்குது. மதம் முன்னேறலையா?"

பாதிரியம்மா உதட்டைக் கடித்தார். முடியவில்லை. குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபடியே பாட்டைத் தொடங்கினார்.

பாட்டு முடிந்தது. எல்லோரும் தேநீருக்குக் கலைந்தார்கள். ஈனோக் மட்டும் கொம்பை விடவில்லை.

"முடிஞ்சுதே, விடுங்க ஈனோக்."

"அடுத்த வருஷமும் உண்டுன்னு சொல்லுங்க, விடுறேன்."

"உண்டு."

"கிடாவுக்கும் கேக்குற மாதிரி."

"உண்டுய்யா, உண்டு!" என்று பாதிரியம்மா போட்ட கூச்சலில் கோபுரத்துக் காகமே பறந்துபோயிற்று.