ஸ்பிட்ஃபயரின் அடிவயிறு

பிளாஸ்டிக் மாடல் விமானம் ஒட்டுகிற என்னிடம் நரகம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், கிள்ளான் அண்ணனுடைய டார்ச்லைட்டுக்கு அடியில் என்பேன். மாதம் ஒருமுறை கிள்ளானில் ஒரு கடைமாடியில் இப்படி ஒட்டுகிறவர்களின் கூட்டம் கூடும். நான் ஒருத்திதான் பெண். கொண்டுபோனதை மேசையில் வைத்தால் அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்து, "தப்பு" என்பார். என்ன தப்பு என்பதைப் பிறகு சாவகாசமாகச் சொல்வார். என்னுடைய ஒரு விமானத்தைக்கூட அவர் "சரி" என்றதில்லை. அந்த ஒரு சொல்லுக்காக நான் நாயாய் அலைந்தேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அந்த முறை ஸ்பிட்ஃபயர் போர்விமானம், ஐந்தாம் ரகம். இதற்கும் ஒன்பதாம் ரகத்துக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பதற்குள் மண்டை காய்ந்துவிடும். ஐந்துக்கு மூக்கு குட்டை, விசிறியில் மூன்று இலை. ஒன்பதுக்கு மூக்கு நீளம், இலை நாலு. அண்ணன் ஆட்களைப் பிடிப்பது அடிவயிற்றில்தான். ஒன்பதுக்கு இரண்டு இறக்கைக்கு அடியிலும் ஒரே மாதிரி பெரிய ரேடியேட்டர். ஐந்துக்கு ஒரு பக்கம் ரேடியேட்டர், மறுபக்கம் சின்னதாக ஒரு குழாய். கோணலாக இருந்தால்தான் அது ஐந்து.

நான் வாங்கிய டப்பாவில் இரண்டு ரகத்துக்குமான சாமான்களும் இருந்தன. வேண்டியதை ஒட்டிவிட்டு மிச்சத்தை டப்பாவிலேயே போட்டுவைத்தேன். அங்கேதான் வினை.

என் வீட்டுக்காரர் சுங்கை வேயில் ஒரு பர்னிச்சர் கடையில் அலமாரிப் பாகங்களைச் சேர்த்துப் பூட்டுகிறவர். பூட்டி முடித்தபிறகு ஒரு ஸ்க்ரூ மிஞ்சினாலும் அவருக்குச் சோறு இறங்காது. கிளம்புகிற அன்று காலை அவரே விமானத்தைக் கேக் பெட்டியில் பத்திரமாக வைத்துக் கட்டியிருந்தார். எல்லாம் பார்த்துவிட்டேன், பயப்படாதே என்றார். துணைக்குத் தானும் வருவதாகச் சொன்னார். எனக்கு மனசு அப்படியே உருகிப்போனது. பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு மூச்சுகூட மெல்ல விட்டேன்.

அண்ணன் டார்ச்சை எடுத்தார். மூக்கு, விசிறி, வால் என்று வெளிச்சம் நகர்ந்தது. இன்னும் "தப்பு" வரவில்லை. விமானத்தைத் திருப்பினார்.

அடிவயிற்றில் இரண்டு பக்கமும் ரேடியேட்டர். ஒன்றின் ஓரத்தில் பசை வழிந்து காய்ந்திருந்தது.

வீட்டுக்காரரைப் பார்த்தேன். வாயெல்லாம் பல். டப்பாவில் ரேடியேட்டர் ஒன்று மிஞ்சிக் கிடந்ததாம். தூக்கக் கலக்கத்தில் நான் குழாயை ஒட்டிவிட்டேனாம். சொன்னால் மனசு கஷ்டப்படுவேன் என்று குழாயைப் பிடுங்கிவிட்டு இதை ஒட்டினாராம். காதோடு காதாகச் சொன்னார். கழுத்தை நெரிக்கலாம் போல இருந்தது. கட்டிப்பிடித்து அழலாம் போலவும் இருந்தது.

அப்போது அண்ணன் பேசினார். "சரி. இந்த மாதிரி கொஞ்சம்தான் வந்துச்சு தங்கச்சி. நெறைய பேருக்குத் தெரியாது."

எல்லோரும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குட்டை மூக்கு, மூன்று இலை, இரண்டு ரேடியேட்டர். இப்படி ஒன்று எந்த வானத்திலும் பறந்ததில்லை, எங்கள் பிளாட்டைத் தவிர. இந்த அண்ணன் சொல்லுக்காகவா நான் இத்தனை நாள் தூக்கம் கெட்டேன்? பேசாமல் அந்தச் "சரி"யை வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். என் வாய் சும்மா இருந்தால்தானே.

"தப்பு அண்ணே," என்றேன். "இது அஞ்சும் இல்ல, ஒம்பதும் இல்ல."

எல்லோரும் கைப்பேசியை இறக்கினார்கள். அண்ணன் டார்ச்சை அணைக்காமல் அப்படியே நின்றார். என் வீட்டுக்காரருக்குத்தான் முகம் சுண்டிப்போனது.

"என்ன தப்பு? கெட்டியாத்தானே ஒட்டினேன் லா. வேணும்னா பிச்சுப் பாருங்க அண்ணே."

அண்ணன் பிய்த்துப் பார்த்தார். ரேடியேட்டர் அசையவில்லை. இறக்கைதான் மொத்தமாகக் கழன்று அவர் கையோடு வந்தது. அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னை ஏறெடுத்தும் பார்க்காமல் என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"ஒட்டினது சரி."