எல் இயேரோவில் நின்றுபோன பயணம்

பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற பல்தசாரும், பியூட்டி பார்லரை விற்றுவிட்டு வந்த அவர் மனைவி நியேவெசும், தங்கள் சின்னப் பாய்மரப் படகில் கனாரித் தீவுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு கடைசித் தீவான எல் இயேரோவுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒரு தீவில் பாய் கிழிந்தது, இன்னொன்றில் இன்ஜின் மக்கர் பண்ணியது. ரிப்பேர் பார்த்துப் பார்த்தே நியேவெசுக்கு உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது. இனி அவர்கள் போகவேண்டிய கரீபியன் வரைக்கும் வெறும் கடல்தான்.

காற்று வாகாக வீசிய காலையில் உருளைக்கிழங்கு மூட்டையை உள்ளே வைத்துவிட்டு நிமிர்ந்தாள். பல்தசார் கட்டிய கயிற்றையே அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டிருந்தார்.

"உண்மையச் சொல்லு. உனக்குப் போகணும்னு இருக்கா?" என்று நியேவெஸ் கேட்டாள்.

"நீதானே ஆசப்பட்டே?"

"நானா? எப்பப் பாரு நீ இதே பேச்சா இருந்தியேன்னுதான் பார்லரையே வித்தேன்!"

அவர் கயிற்றைக் கீழே போட்டார். "முதல் தீவு லான்சரோத்தேலயே எனக்கு அலுத்துப்போச்சு. உன்கிட்டச் சொல்ல வாய் வரல."

நியேவெசுக்குக் கோபம் வந்தது, கத்தத்தான் தெம்பில்லை. "வழியனுப்ப வந்த தெருவே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நான் தூங்கணும்." அவர் உள்ளே போய்ப் படுத்தார்.

"தள்ளிப் படு" என்று அவளும் பக்கத்தில் சாய்ந்தாள். அவர்கள் எழுந்தபோது, அதே காற்றுக்காகத் துறைமுகத்தில் காத்திருந்த மற்ற படகுகள் மேற்கே போயிருந்தன. மறுநாள் எதிர்காற்றில் வீட்டுப் பக்கம் திரும்பினார்கள்.